கப்பலுக்குக் கட்டின மூட்டை

என் கடைக்கு வர்றவங்க கண்ணு முதல்ல அந்த மூட்டை மேலதான் போகும். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்துல, கோணிப்பைக்குள்ள திணிச்சு, நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மேல மார்க்கர்ல கொட்டை எழுத்துல காங்கேசன்துறைன்னு எழுதியிருக்கும். "இன்னாக்கா, பார்சல் ஆபீசும் ஆரம்பிச்சுட்டியா?"ன்னு கேப்பானுங்க. சில பேரு அது மேலயே குந்திக்கினு ஃபாரம் எழுதுவானுங்க. எனக்குப் பத்திக்கினு வரும். "எழுந்துரு மொதல்ல, அது கொழந்தை துணி"ன்னு ஒரு சத்தம் போடுவேன்.

அது அமலா அக்காவோட மூட்டை. பத்து மாசமா இங்கதான் கெடக்குது. ஏன் கெடக்குதுன்னு சொல்லணும்னா நான் பண்ண தப்பையும் சேர்த்துத்தான் சொல்லணும். சொல்லிடறேன், எனக்கென்ன வெக்கம்.

என் பேரு அன்புச்செல்வி. திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை, கூடவே ஆன்லைன் வேலை. பட்டா, சாதிச் சான்று, பாஸ்போர்ட்டு, ரயில் டிக்கெட்டு எல்லாம் போட்டுத் தருவேன். என் வீட்டுக்காரரு சகாயராஜ் ஆட்டோ ஓட்டுறாரு. நாங்களும் அமலா அக்காவும் ஒரே மாதா கோயில், ஒரே பங்கு. ஞாயித்துக்கிழமை பூசையில எனக்கு முன்னாடி வரிசையில முக்காடு போட்டுக்கினு முட்டி போடுவாங்க. நெட்டை ஆளு, எனக்குப் பீடமே தெரியாது.

அவங்க பேரு தெரியாதவங்க இருக்கலாம், ஆளைத் தெரியாதவங்க எங்க ஊர்ல கம்மி. இங்க இருக்கிற ஒரு நர்சிங் ஹோம்ல இருபத்திரெண்டு வருஷமா பிரசவ வார்டு ஆயா. என் ரெண்டு பிள்ளைங்களையும் கையில வாங்கினது அவங்கதான். பெரியவன் பொறக்கும்போது நான் போட்ட கூச்சலுக்கு, "அடியே, மயிலம் வரைக்கும் கேக்குது, வாயை மூடிக்கினு முக்கு"ன்னு ஒரு அதட்டல். அதட்டிட்டு என் கையைப் பிடிச்ச பிடியை வுடவே இல்ல. அந்தக் கைதான் கை.

வார்டு கதவுகிட்ட மட்டும் அந்தம்மா மாதிரி கறார் யாரும் கிடையாது. பொண்ணைப் பெத்த அம்மாக்காரிங்க அழுதுக்கினு கதவுல தொங்குவாங்க. "வெளிய இருங்கம்மா. எல்லாரும் உள்ள வந்தா கொழந்தை எந்த வழியா வரும்?"னு சொல்லிக்கினே கதவைச் சாத்திடுவாங்க. எங்கம்மாவையும் அப்படித்தான் தள்ளினாங்க. எங்கம்மா அதைச் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டினாங்க.

அக்கா பொறந்தது பெருமுக்கல் மலைக்கு அடிவாரத்துல, காலனியில. நெலம்னு ஒரு சாண் கிடையாது. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கறது, அப்புறம் கல்லு சுமக்கறது. பதினெட்டு வயசுல விருத்தாசலம்னு ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்தாங்க. லாரி லோடு ஏத்தற மனுசன். மஞ்சக்காமாலை வந்து ஒரே மாசத்துல போய்ட்டாரு. பொண்ணு ரெஜினாவுக்கு அப்போ நாலு வயசு. அந்தப் பிள்ளையை இடுப்புல தூக்கிக்கினு பஸ் ஏறி வந்து நர்சிங் ஹோம்ல பெருக்கற வேலைக்குச் சேர்ந்தவங்கதான். பெருக்க வந்தவங்களை ஒரு நாள் ஆள் பத்தலன்னு வார்டுக்குள்ள கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் வெளிய அனுப்பவே இல்ல.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அமலாங்கறது கோயில்ல வச்ச பேரு. பள்ளிக்கூடத்துல, ரேஷன் கார்டுல, ஆதார்ல எல்லாம் அவங்க பொன்னி. எங்க ஆளுங்கள்ல பாதி பேருக்கு இப்படித்தான், சாமிக்கு ஒரு பேரு, சர்க்காருக்கு ஒரு பேரு. வேதத்துல சேர்ந்தவங்களுக்கு எஸ்.சி. சலுகை கிடையாதும்பாங்க, சாமி பேரு சர்க்கார் காகிதத்துல வந்துச்சுன்னா சாதிச் சான்றுல இருந்து காலனி வீட்டுப் பட்டா வரைக்கும் கேள்வி மேல கேள்வி வரும். அதனால ரெண்டு பேரையும் ஒரே காகிதத்துல எழுதற வழக்கமே எங்ககிட்ட கிடையாது. எங்கப்பா கெட்டிக்காரரு, ரெண்டு பக்கமும் செல்லுபடியாகற மாதிரி எனக்கு அன்புச்செல்வின்னு வச்சுட்டாரு.

ரெஜினா நல்லா படிச்சுது, லேப் டெக்னீசியன் படிப்பு முடிச்சுது. நர்சிங் ஹோமுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பையன் அன்ரன். சிலோன் பையன். மரக்காணம் போற வழியில கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாம்லயே பொறந்து வளர்ந்தவன். சுவத்துக்குப் பச்சை அடிக்கச் சொன்னா ஒரு வாரத்துல முடிச்சிருக்கணும், அவன் ஒரு மாசம் அடிச்சான். அப்பவே நான் அக்காகிட்ட சொன்னேன், "இவன் சுவத்தைப் பார்த்து அடிக்கல"ன்னு. கல்யாணம் எங்க கோயில்லதான் நடந்துச்சு.

வினை அப்புறம் வந்துச்சு. அன்ரனோட அப்பாவுக்கு யாழ்ப்பாணத்துல காங்கேசன்துறை பக்கம் பூர்வீக நெலம் திரும்பக் கெடச்சுது. சொந்த மண்ணுக்குப் போறோம்னாங்க. அக்கா முடியாதுன்னுட்டாங்க. மூணு நாள் சோறு திங்கல. அப்பதான் நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல் வுட்ட நேரம். அன்ரன் வந்து முன்னாடி குந்திக்கினு, "மாமி, நாலு மணித்தியாலம்தான். காலமை ஏறினா மத்தியானம் எங்கட வீட்டில சோறு சாப்பிடலாம். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ"ன்னான். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. திண்டிவனத்துலேர்ந்து நாகப்பட்டினம் போறதுக்கே அதை விட ஜாஸ்தி நேரமாகும். பொண்ணு தூரத்துல இல்ல, நாகப்பட்டினத்துக்கு அடுத்த ஊர்லதான் இருக்குதுன்னு மனசை ஆத்திக்கினு அனுப்பி வச்சாங்க.

மாப்பிள்ளையை நம்பி அனுப்பல. கப்பலை நம்பி அனுப்பினாங்க. அந்தக் கப்பலு என்னடான்னா, இன்னைக்கு உண்டு, நாளைக்கு இல்ல, காத்து அடிக்குது, மெயின்டனன்சு, மறு தேதி அப்புறம் சொல்வோம்னு ஒரே பேஜாரு.

ரெஜினா முதல் வாட்டி முழுகாம இருந்தப்ப, ஏழாம் மாசம் போய் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு இங்க இட்டுக்கினு வர்றதா இருந்தாங்க அக்கா. டிக்கெட் போட்ட வாரம் கப்பல் நின்னுடுச்சு, மழைக்காலம்னு. பிளைட்ல போலாமா வேணாமான்னு யோசிச்சு, சரி, மழை வுட்டதும் போலாம்னு இருந்தாங்க. கப்பல் நின்ன பத்தாம் நாளு ரெஜினாவுக்கு வலி வந்து, புள்ளை தங்கல. ஆம்பளைப் புள்ளை. அந்தச் சேதி வந்தப்ப அக்கா வார்டுல வேற யாருக்கோ பொறந்த கொழந்தையைத் துடைச்சுக்கினு இருந்தாங்க. துடைச்சு முடிச்சு, துணியில சுத்தி, அந்த அம்மாகிட்ட குடுத்துட்டு, அப்புறம்தான் பின்பக்கம் போய் ஓன்னு அழுதாங்க. நர்சம்மா சொன்னாங்க.

அடுத்த வருஷமே ரெஜினா மறுபடியும் முழுகாம இருந்துச்சு. இந்த வாட்டி அக்கா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "அன்பு, நான் போயே ஆகணும். அவ கையை வேற எவளாவது பிடிக்கக் கூடாது."

நவம்பர் நடுவுல பிரசவத் தேதி. மழைக்காலத்துக்குக் கப்பலை நிறுத்தறதுக்கு முன்னாடி, தீபாவளிக்கு முந்தின வாரம் சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டோம். அதுதான் கடைசிக் கப்பலாம். இந்த வாட்டி நிறுத்தினா மறுபடி வுடுவாங்களாங்கறதே சந்தேகம்னு ஒரு பேச்சு. ஒப்பந்தம் முடியுதுங்கறான் ஒருத்தன். அரசாங்கம் குடுக்கற உதவி தொடருமான்னு தெரியலங்கறான் இன்னொருத்தன். அதெல்லாம் இல்ல, பெரிய கப்பலா வரப்போவுது, காரு, வேனு எல்லாம் ஏத்திக்கினு போலாம்னு டீக்கடையில ஒரு அறிவாளி. எவனுக்கும் ஒரு எழவும் தெரியாது. நான் சொல்லிப் பார்த்தேன், "பிளைட்ல போயேன்கா, மெட்ராஸ்ல ஏறினா முடிஞ்சுது." அக்கா கேக்கல. பிளைட்ல இவ்வளவு மூட்டை எடுக்க முடியாது, கப்பல்ல எடுக்கலாம்.

மூட்டையில இன்னா இருக்குன்னு கேளுங்க. அக்காவோட பழைய நூல் புடவை ஏழு, தொவைச்சுத் தொவைச்சு மெத்துனு ஆனது, கொழந்தையைப் போட்டுப் படுக்க வைக்க. கேப்பை மாவு. பிரசவ லேகியம் ரெண்டு டப்பா. வறுத்த மல்லாட்டை. பூண்டு. குட்டிக் குட்டி சட்டை, அது மட்டும் ஒரு டஜன். எல்லாத்துக்கும் மேல, அவங்க கல்யாணப் புடவை. அரக்குக் கலர். தூளி கட்டறதுக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து, "இதுல ரெண்டு ஜெராக்ஸ் போடு, போற எடத்துல கேப்பாங்களாம்"னு குடுத்துட்டு டூட்டிக்கு ஓடிட்டாங்க. நான் ஜெராக்ஸ் எடுத்து, டிக்கெட்டையும் பிரிண்ட் போட்டு, ரெண்டையும் சேர்த்துப் பின் அடிக்கப் போனேன். அப்பதான் பார்த்தேன். பாஸ்போர்ட்டுல பொன்னி. டிக்கெட்டுல அமலா.

வீசாவுக்குப் பாஸ்போர்ட்டை எதிர்ல வச்சுக்கினுதான் அடிச்சேன், அது சரியா இருக்குது. டிக்கெட் போட்ட அன்னைக்குக் கடையில கூட்டம். பாஸ்போர்ட் நம்பர் சீட்டுல இருந்துச்சு, பேரு எனக்குத் தெரியாதான்னு நெனப்புலேர்ந்து தட்டிட்டேன். பத்து வருஷமா ஊர் உலகத்துக்கே ரெண்டு பேரையும் மாத்தி எழுதாம பார்த்துக்கினவ நான். என் சொந்த அக்கா மாதிரி இருக்கிறவங்களுக்கு மட்டும் கோயில் பேரைப் போட்டு வச்சிருக்கேன். என் செருப்பாலயே என்னை அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

கப்பல் ஆபீசுக்குப் போன் போட்டேன், எடுக்கல. மறுபடி போட்டேன், பிசி. ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு பொண்ணு எடுத்துச்சு. பேரை மாத்த முடியாதுங்க, கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போடுங்கன்னுச்சு. போடறதுக்கு சனிக்கிழமை கப்பல்ல எடமே இல்ல. கெஞ்சினேன். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு ஏதாச்சும் சான்று இருந்தா எடுத்துக்கினு வாங்க, கவுண்டர்ல பார்த்துச் சொல்வாங்க, நான் உறுதி சொல்ல முடியாதுன்னு வச்சுடுச்சு.

வார்டு வாசல்ல போய் நின்னு அக்காகிட்ட சொன்னேன். நாலு அறை வுடுவாங்கன்னு நெனச்சேன்.

"பொன்னி போனா இன்னா, அமலா போனா இன்னா? யாராவது ஒருத்தி போய்ச் சேரணும் அன்பு."

"சாமியார்கிட்ட ஞானஸ்நானச் சான்று வாங்கலாம்கா. ஆனா அதுல ரெண்டு பேரும் வரும்" னேன்.

அக்கா எதை நெனச்சாங்கன்னு எனக்குத் தெரியும். காலனி வீட்டுப் பட்டா. தம்பி மகன் இனியவன் சர்க்கார் பரீட்சைக்குப் படிச்சுக்கினு இருக்கான். அந்தக் காகிதம் எங்கயாவது கைமாறிப் போச்சுன்னா இன்னா ஆகும்னு ஒரு பயம். ஐம்பத்து நாலு வருஷமா பொத்திப் பொத்தி வச்ச பயம்.

வெள்ளிக்கிழமை விடியக் காலையில நாலரை மணிக்கே பங்குச் சாமியாரை எழுப்பிட்டோம். நல்ல மனுசன், கோவிச்சுக்கல. பழைய ஞானஸ்நானப் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தாரு. எழுதறதுக்கு முன்னாடி பேனாவைக் கையில வச்சுக்கினு, "எழுதிடலாம்மா. நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா?"ன்னு கேட்டாரு.

"எழுதுங்க சாமி. போன வாட்டி யோசிச்சு யோசிச்சுத்தான் ஒரு புள்ளை போச்சு" ன்னாங்க அக்கா.

பொன்னி என்கிற அமலான்னு எழுதி, சீல் குத்திக் குடுத்தாரு. அந்தக் கடுதாசியை அக்கா நாலா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கினாங்க.

அஞ்சே காலுக்கெல்லாம் பஸ் ஏறிட்டோம். கவுண்டர்ல வாதாட ஒரு ஆள் வேணுமேன்னு நானும் கூடப் போனேன். தப்பு பண்ணவ வீட்டுல தூங்க முடியுமா? விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி நாகப்பட்டினம் பஸ்சுக்கு நின்னோம். தீபாவளிக் கூட்டம், காலு வைக்க எடமில்ல. மூட்டை மேல அக்கா, பக்கத்துல நான், கையில டீ. அப்ப என் போனு டிங்குன்னுச்சு.

மோசமான வானிலை காரணமாக நாளைய பயணம் ரத்து. மறு அறிவிப்பு வரும் வரை சேவை இல்லை.

அவ்வளவுதான். ரெண்டு வரி. நான் மூணு வாட்டி படிச்சேன், வேற ஏதாவது அர்த்தம் வருமான்னு. வங்கக்கடல்ல புயல் சின்னமாம். ஒரு பக்கம் பார்த்தா, என் தப்பை இனிமே எவனும் கேக்கப் போறதில்ல. அந்த நெனப்பு வந்தப்ப என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு.

அக்காகிட்ட போனை நீட்டினேன். படிச்சாங்க. டீயைக் கீழ வச்சாங்க. "கப்பலை நம்பித்தானே பொண்ணை அனுப்பினேன்" ன்னாங்க. சத்தமா கூட சொல்லல.

அதே நேரத்துக்கு ரெஜினா போனு. விடியக் காலையில சும்மா எதுக்குக் கூப்பிடுவா?

"அம்மா, தண்ணி போற மாதிரி இருக்கும்மா."

அக்கா முகம் மாறினதை நான் பார்த்தேன். அழுதுடப் போறாங்கன்னு பார்த்தா, குரலு வார்டு குரலா ஆயிடுச்சு. "எத்தினி மணிக்குப் போச்சு? இன்னா கலரு? பச்சையா இருக்குதா, வெள்ளையா? நாத்தம் வருதா? புள்ளை உதைக்குதா, வயித்துல கை வச்சுப் பார்த்துச் சொல்லு. பயப்படாத. நடக்காத. எடது பக்கம் படு. அன்ரனை வண்டி எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. துணியை மாத்தாம அப்படியே போ, டாக்டர் பார்க்கணும்." பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல நின்னவன்லாம் திரும்பிப் பார்க்கறான். அக்கா கண்டுக்கல.

"அம்மா, நீ நாளைக்கு வந்துடுவ இல்ல?"

"வர்றேன்" ன்னாங்க அக்கா. வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. "அன்பு. பிளைட்டு."

மூணு வாரம் முன்னாடியே பொறக்கப் போவுது. மத்தியானம் ரெண்டு மணி வாக்குல மெட்ராஸ்லேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பிளைட் இருந்துச்சு. ஒரே ஒரு சீட்டு. அக்கா பாஸ்போர்ட்டை என் கண்ணு முன்னாடி விரிச்சுப் பிடிச்சுக்கினாங்க. ஒவ்வொரு எழுத்தா பார்த்து, வாய் வுட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டினேன். பொன்னி. தகப்பன் பேரு. பொறந்த தேதி. மறுபடி ஒரு வாட்டி சரி பார்த்தேன். மூணாவது வாட்டியும் பார்த்தேன். "அடியே, அடிச்சுத் தொலைடி" ன்னாங்க அக்கா. அடிச்சேன். டிக்கெட் வந்துடுச்சு.

மெட்ராஸுக்குக் கிளாம்பாக்கம் பஸ் பிடிச்சு, வந்த வழியே திரும்பினோம். மூட்டை? அதைப் பிளைட்ல ஏத்த முடியாது, நாப்பது கிலோ. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, திண்டிவனம் பைபாஸ்ல ஆட்டோவைக் கொண்டாந்து நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர்கிட்ட அரை நிமிஷம் கெஞ்சி வாங்கினேன். பஸ் நின்னதும் சகாயராஜ் கீழேர்ந்து மூட்டையை இழுக்கறாரு. அக்கா வுடல. கயித்துக்குள்ள கையை வுட்டு, துணியைக் கிழிக்காத கொறையா எதையோ உருவறாங்க. "யம்மா, ஜல்தி, பின்னாடி வண்டி நிக்குது"ன்னு கண்டக்டர் கத்தறான். அரக்குப் புடவை கைக்கு வந்துச்சு. அப்புறம்தான் மூட்டையை வுட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்த கொடுமையை என்னத்தச் சொல்ல. செங்கல்பட்டு கிட்ட தீபாவளி டிராபிக். ஊருக்குப் போறவன் ஒரு பக்கம், வர்றவன் ஒரு பக்கம், டோல்கேட்டுல ஒரு கிலோமீட்டருக்கு வண்டி. மணி பத்தரை. ரெஜினாவைச் சேர்த்துட்டதா அன்ரன் மெசேஜ். மணி பதினொண்ணு. வலி தொடங்கிடுச்சுன்னு மெசேஜ். பஸ் நகரல. அக்கா புடவையை மடியில வச்சுக்கினு ஜெபமாலை சொல்லல, வாட்சையே பார்த்துக்கினு இருந்தாங்க. முதல் பிரசவத்துக்கு எத்தினி மணி நேரம், குறை மாசமா இருந்தா எத்தினி, ரெண்டாவதுன்னா எத்தினின்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரியறதுதான் கொடுமை. நான்தான் மாதா, மாதான்னு முணுமுணுத்துக்கினு வந்தேன்.

பன்னெண்டரைக்கு ஏர்போர்ட் வாசல்ல இறங்கி ஓடினோம். அம்பத்து நாலு வயசு, ரப்பர் செருப்பு, கையில ஒரு புடவை, ஒரு மஞ்சப்பை. போலீஸ்காரன் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாத்தி மாத்திப் பார்த்தான். "போங்கம்மா" ன்னான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவங்க திரும்பிக் கூட பார்க்கல.

அப்புறம் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீசா முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பிளைட்லயே திரும்பி வந்து, இதே மூட்டை மேல குந்திக்கினுதான் சொன்னாங்க.

ஏர்போர்ட்டுக்கு அன்ரன் வந்திருக்கான். நேரா ஆஸ்பத்திரி. மாடிப்படி ஏறி வார்டு வாசலுக்குப் போனா, கதவு சாத்தியிருக்குது. உள்ள ரெஜினா கத்தறது கேக்குது. அக்கா கதவைத் தள்ளியிருக்காங்க. ஒரு ஆயா, இவங்க வயசுதான் இருக்குமாம், வெள்ளைப் புடவை, கதவுல குறுக்கால கையை வச்சு மறிச்சிருக்கு.

"வெளியில நில்லுங்கோ அம்மா. உள்ள வரேலாது."

"நானும் ஆயாதான். இருபத்திரெண்டு வருஷமா இதே வேலைதான். என்னை வுடு"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த அம்மா கேக்கல. கதவைச் சாத்திடுச்சு.

"கடல் தாண்டிப் போய் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன் அன்பு. உங்கம்மா நின்ன மாதிரி. எத்தினி அம்மாங்களைத் தள்ளியிருக்கேன், பாவி. அவ கத்த கத்த, நான் அந்தக் கதவு மேல கையை வச்சுக்கினு நின்னேன். பிடிக்க அவ கை இல்ல, கதவாவது இருக்கட்டும்னு."

அரை மணி நேரம் ஆச்சாம். அப்புறம் கொழந்தை சத்தம். சத்தத்தை வச்சே புள்ளை நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சுடுச்சாம் அக்காவுக்கு. பொம்பளைப் புள்ளை. அதே ஆயா கதவைத் திறந்துக்கினு வந்து, "ரெஜினாட அம்மா ஆர்? உங்கட பேர் என்ன?"ன்னு நோட்டைக் கையில வச்சுக்கினு கேட்டிருக்கு.

"இன்னா சொன்னீங்க?"ன்னு கேட்டேன் நான்.

"ரெண்டையும் சொன்னேன். பொன்னி, அமலான்னு சேர்த்துச் சொன்னேன். அந்தம்மா ரெண்டையும் எழுதிக்கினா. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல." அக்கா மூக்கை உறிஞ்சிக்கினாங்க. நானும் அழுதேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் ஒருத்தன் பேஸ்தடிச்சுப் போய் நின்னான், அவனையும் கத்தி அனுப்பிட்டேன்.

இப்ப வார்டுல அக்கா கதவைச் சாத்தறது இல்லன்னு டாக்டரம்மா ஒரே புகார். சாத்தறாங்க, ஆனா முன்ன மாதிரி இல்ல. அம்மாக்காரியை உள்ளார இட்டுக்கினு போய், பொண்ணு கையை ஒரு வாட்டி பிடிக்க வச்சு, அப்புறம் வெளிய அனுப்பறாங்க. திட்டு வாங்கினாலும் கேக்கறது இல்ல.

கப்பல் விஷயம் அப்படியேதான் இருக்குது. நடுவுல கொஞ்ச நாள் வுட்டாங்க. அக்காவுக்கு லீவு கெடச்ச வாரம் பார்த்து மறுபடி நின்னுடுச்சு. அடுத்த மாசம்கறான், டெண்டருங்கறான், பேச்சுவார்த்தைங்கறான். தெனமும் காலையில கடை திறந்ததும் நான் முதல்ல பார்க்கறது அதைத்தான். பத்து மணிக்கு வார்டுலேர்ந்து அக்கா போன் வரும். "இன்னா சொல்றான்?" "ஒண்ணும் சொல்லலக்கா." "சரி. மூட்டை இருக்கட்டும்." பிளைட்ல இன்னொரு வாட்டி போகலாமேன்னு நானும் கேட்டுப் பார்த்துட்டேன். அந்தக் காசுக்கு அவங்களால முடியாது, அது ஒண்ணு. கப்பல் மேல வச்ச நம்பிக்கையை அக்கா இன்னும் வுடல, அது இன்னொண்ணு. அதை நம்பித்தானே பொண்ணை அனுப்பினாங்க.

மாசத்துக்கு ஒரு வாட்டி, சம்பளம் வாங்கின மறுநாளு கடைக்கு வந்து கயித்தை அவுத்து, பழசாப் போன மாவு, மல்லாட்டையை மாத்துவாங்க. பொறந்த கொழந்தைச் சட்டையை எல்லாம் முதல்லயே எடுத்துட்டாங்க, வார்டுல துணி இல்லாம வந்தவளுங்களுக்குக் குடுத்துட்டாங்க. அந்த எடத்துல மூணு மாசக் கொழந்தைச் சட்டை வச்சாங்க. கப்பல் வரல. அதை எடுத்துட்டு ஆறு மாசச் சட்டை வச்சாங்க. கப்பல் வரல. அதையும் எடுத்தாங்க. ஒவ்வொரு வாட்டியும் மூட்டையைப் பழையபடி இறுக்கிக் கட்டி, அழிஞ்ச எழுத்து மேல மார்க்கர் வச்சு மறுபடி எழுதிட்டுப் போவாங்க.

நேத்து வந்தாங்க. பையிலேர்ந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தாங்க. செவப்பு, நடந்தா கீச்சு கீச்சுனு சத்தம் வருமே, அது. கையில போட்டு என் மேஜை மேல ரெண்டடி நடத்திக் காட்டினாங்க. "எழுந்து நிக்கறாளாம்டி" ன்னாங்க. மூட்டைக்குள்ள வச்சுக் கட்டிட்டு வார்டுக்குக் கெளம்பிட்டாங்க.

இன்னைக்குக் காலையில ஒருத்தன் வந்து மூட்டை மேல குந்தினான். உள்ளேர்ந்து கீச்சுனு ஒரு சத்தம் வந்துச்சு. எனக்குக் கத்தக் கூட வாய் வரல.